வாசகர் கேள்விகள்: பாதி கேட்ட வாக்குச்சீட்டு

போன இதழில், "பிரெக்சிட் என்றால் என்ன?" என்று கேட்ட மன்னார்குடி மாணவிக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். பிரிட்டன் 2016 ஜூன் 23-ல் மக்களிடம் ஓட்டெடுத்தது, ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென்று முடிவானது, 2020 ஜனவரி 31-ல் விலகியது, அவ்வளவுதான். நாலு வரி போதாது என்று டெல்டா முழுக்க இருந்து கடிதம் வந்திருக்கிறது. இந்தத் தடவை இடம் முழுவதும் அதற்கே.

கே: படித்தவர்கள் நிறைந்த நாடு. எப்படி இவ்வளவு முட்டாள்தனமாக ஓட்டுப் போட்டார்கள்?
*– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்*

ப: அந்தச் சொல்லை நான் ஏற்க மாட்டேன் ஐயா. விலகலாம் என்று போட்டவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். இருக்கலாம் என்றவர்கள் 1 கோடியே 61 லட்சம் பேர். சதவீதத்தில் 51.9, 48.1. நூற்றுக்கு 72 பேர் வந்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். இத்தனை பேரை ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்று ஓர் ஊர். சுற்றிலும் காய்கறி வயல். 2004-ல் போலந்து, லிதுவேனியா போன்ற நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு அறுவடைக்கும் பேக்கிங்குக்கும் அங்கிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். பண்ணை முதலாளிக்கு லாபம். உள்ளூர்க்காரருக்கு வீட்டு வாடகை ஏறியது, டாக்டரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஊரில் 75.6 சதவீதம் பேர் விலகல். சண்டர்லாந்து இன்னொரு ஊர். நிசான் கார்த் தொழிற்சாலை அங்கேதான், கார்கள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்குத்தான் போகின்றன. வேலைக்கே ஆபத்து என்று எச்சரித்தும் அங்கே 61 சதவீதம் விலகல். கப்பல் கட்டும் தளங்களும் நிலக்கரிச் சுரங்கமும் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது எட்டிப் பார்க்காதவர்கள், இப்போது வந்து பொருளாதாரம் சரிந்துவிடும் என்றால் யார் கேட்பார்கள்?

தப்பு என்று நான் நினைப்பது ஓட்டுப் போட்டவர்களிடம் இல்லை, அவர்கள் கையில் கொடுத்த சீட்டில். இருக்க வேண்டுமா, விலக வேண்டுமா என்று மட்டும் அதில் கேட்டிருந்தது. விலகி எங்கே போவது என்று கேட்கவில்லை. நார்வே மாதிரி உறுப்பினராக இல்லாமலே பொதுச் சந்தைக்குள் இருப்பதா, கனடா மாதிரி ஒரு வியாபார ஒப்பந்தத்தோடு நிறுத்துவதா, ஒன்றுமே இல்லாமல் வெளியே வருவதா? மூன்றும் மூன்று வேறு வாழ்க்கை. விலகல் என்று போட்ட ஒவ்வொருவர் மனதிலும் அதில் ஒன்று இருந்தது. எண்ணும்போது எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டார்கள். அதனால்தான் அதற்கப்புறம் மூன்றரை வருஷம் இழுத்தது. அப்போதைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தை அவர்கள் நாடாளுமன்றம் 2019-ல் மூன்று முறை தோற்கடித்தது. முதல் முறை 230 ஓட்டு வித்தியாசத்தில்.

கே: எங்கோ ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து விதி போடுகிறவர்களுக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும் என்று அவர்கள் கேட்டது நியாயம்தானே? காவிரியில் நாம் படும் பாடு தெரிந்த நீங்கள் சொல்லுங்கள்.
*– விவசாயி, முத்துப்பேட்டை*

ப: நியாயமான கேள்வி. நான் திருத்துறைப்பூண்டிக்காரன், உங்களைப் போலவே கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலை எட்டுவதற்குள் விதைத்தது காய்ந்துபோன வருஷங்கள் உண்டு. ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும் வாய்க்கால், பூட்டுப் போட்ட ஷட்டர், "முறை மாத்தியாச்சு, அடுத்த வாரம் பாருங்க" என்ற பதில். தூரத்தில் இருக்கிற ஒருவர் நம் வயலுக்கு முடிவெடுப்பது எவ்வளவு எரிச்சல் என்று உங்களுக்கும் எனக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் கடைமடைக்காரனுக்கு இன்னொன்றும் தெரியும். நடுவில் ஒரு பொது அமைப்பு இல்லையென்றால், மேலே இருக்கிறவர் மனசு வைத்து விட்டதுதான் தண்ணீர். 1990-ல் நடுவர் மன்றம் வந்தது. 2007-ல் நமக்கு 419 டி.எம்.சி. என்று தீர்ப்பு. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை 404.25 ஆகக் குறைத்தது. எனக்கு இன்னும் அந்த வருத்தம் போகவில்லை. அதே வருஷம் ஜூனில் மேலாண்மை ஆணையம் அமைந்தது. அதன் உத்தரவு தாமதமாகிறது, கேட்ட அளவு வருவதில்லை, எல்லாம் உண்மை. இருந்தும் அந்த மேசையில் தமிழ்நாட்டுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. நம் அதிகாரி கணக்கை எடுத்து வைத்து வாதாடலாம். கோபத்தில் எழுந்து வந்துவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடுதலாக வராது, நாற்காலிதான் போகும்.

பிரிட்டனுக்கு அந்த நாற்காலி நன்றாகவே இருந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 73 இடம். அமைச்சர்கள் கூடும் கவுன்சிலில் ஓட்டு. விதிகள் எங்கிருந்தோ வந்து விழவில்லை. அவர்களும் உட்கார்ந்துதான் எழுதினார்கள்.

வெளியில் நிற்பவனுக்கு அதே விதி எப்படி வந்து சேரும் என்பதை நம் பயிரை வைத்தே பார்க்கலாம். நெல்லில் வரும் குலைநோய்க்கு ட்ரைசைக்ளசோல் அடிக்கிறோம் இல்லையா? அரிசியில் அந்த மருந்தின் எச்சம் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்ததை ஐரோப்பிய ஒன்றியம் 0.01 ஆக்கி, 2018 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நூறில் ஒரு பங்கு. பஞ்சாப், ஹரியானா பாஸ்மதிக்காரர்கள் திண்டாடிப் போனார்கள். நல்ல நோக்கத்தில் வந்த விதியாகவே இருக்கட்டும், அதை எழுதும்போது "கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்" என்று உள்ளே இருந்து கேட்க அவர்களுக்கு ஆள் இல்லை. இன்று ஐரோப்பாவுக்கு விற்கிற பிரிட்டிஷ் விவசாயியும் அதே இடத்தில்தான் நிற்கிறார்.

இதையெல்லாம் எடைபோட்டுப் பார்த்து, "பரவாயில்லை, நஷ்டமானாலும் என் சட்டம் என் நாடாளுமன்றத்தில்தான் போட வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் அவரை நான் மதிப்பேன். என் கோபம் அவரிடம் பொய்க் கணக்குச் சொன்னவர்கள் மேல். வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது, அதை மருத்துவமனைகளுக்குக் கொடுப்போம் என்று சிவப்பு பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். ஒன்றியத்துக்குக் கட்டும் பணத்தில் 1984-ல் அப்போதைய பிரதமர் தாட்சர் சண்டை போட்டு வாங்கிய தள்ளுபடி அதில் கழிக்கப்படவில்லை. விவசாய மானியமாகவும் பின்தங்கிய பகுதிகளுக்கான நிதியாகவும் திரும்பி வந்த பணமும் கழிக்கப்படவில்லை. அந்த நாட்டின் புள்ளிவிவர ஆணையமே அது தவறான எண்ணத்தைத் தரும் கணக்கு என்று சொன்னது. பஸ் நிற்கவில்லை.

கே: அங்கே ஓட்டு மெஷினா, சீட்டா?
*– பத்தாம் வகுப்பு மாணவன், பாபநாசம்*

ப: சீட்டு. நம்மைப் போல முத்திரை கிடையாது, விரலில் மையும் கிடையாது. மறைப்புக்குள் பென்சில் வைத்திருப்பார்கள், கட்டத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். யாராவது ரப்பரால் அழித்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து அன்றைக்குப் பலர் சொந்தப் பேனாவோடு போனார்கள். பேனாவுக்கும் தடை இல்லை.

கே: என் தம்பி லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறான். அவன் விலகல் பக்கம் ஓட்டுப் போட்டான், அவன் மகள் இருக்கலாம் என்று. இன்றுவரை இரண்டு பேருக்கும் பேச்சு சரியில்லை. நான் யாரிடம் என்ன சொல்வது?
*– இல்லத்தரசி, கும்பகோணம்*

ப: அம்மா, உங்கள் தம்பியை அந்தப் பக்கம் தள்ளியது எதுவாக இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. இங்கிருந்து மனைவியை அழைத்துப் போக 2012-லிருந்து அங்கே வருஷத்துக்கு 18,600 பவுண்டு சம்பளம் காட்ட வேண்டியிருந்தது. பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், ஆங்கிலத் தேர்வு என்று கட்டுக்கட்டாகக் காகிதம். அதே தெருவில் இருந்த ருமேனியாக்காரர் குடும்பத்தோடு வந்து இறங்கினார், விசாவே இல்லாமல். "எனக்கு மட்டும் ஏன்?" என்று ஒருவருக்குத் தோன்றுவதில் குற்றம் இல்லை. ஐரோப்பியருக்குக் கதவை மூடினால் நமக்குத் திறக்கும் என்று அங்கே நம் ஆட்களிடமே பிரசாரம் நடந்தது.

பாதி நடந்தது. விலகிய பிறகும் 2020 கடைசி வரை பழைய விதிதான் ஓடியது, 2021-லிருந்து ஐரோப்பியருக்கும் நமக்கும் ஒரே விதி. இந்தியாவிலிருந்து நர்ஸ்களும் மாணவர்களும் நிறையப் போனார்கள். ஆனால் மனைவியை அழைக்கக் காட்ட வேண்டிய வருமானம் 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக ஏறிவிட்டது.

மகளின் பக்கமும் இருக்கிறது. பிறந்ததிலிருந்து பாரிஸிலோ பெர்லினிலோ போய்ப் படிக்கலாம், வேலை பார்க்கலாம் என்றிருந்த பெண். ஒரு ஜனவரி முதல் தேதியில் அந்த உரிமை போய்விட்டது. கருத்துக்கணிப்புகளைப் பார்த்தால் 25 வயதுக்குள் இருந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அவள் பக்கம்தான். இழந்தது அவள், முடிவு செய்தது அப்பா தலைமுறை என்ற ஆற்றாமை அவளுக்கு இருக்கும்.

யார் சரி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். விசாவுக்கு அலைந்த நாட்களை அவளுக்குச் சொல்லும்படி தம்பியிடம் கேளுங்கள். எங்கே போய்ப் படிக்க நினைத்திருந்தாள் என்று அவளிடம் கேளுங்கள். ஓட்டுக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று, ஜோ காக்ஸ் என்ற பெண் எம்.பி.யைத் தொகுதி மக்களைச் சந்திக்கப் போன இடத்தில் வெறியன் ஒருவன் கொன்றான். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். அந்த அளவுக்கு விஷம் ஏறியிருந்த நேரம் அது. அதை வீட்டுக்குள் இத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டாம் அம்மா.

கே: விலகியதால் அவர்கள் கடல் அவர்களுக்கே திரும்பிக் கிடைத்ததா? எங்களுக்கு இது முக்கியம்.
*– விசைப்படகு மீனவர், நாகப்பட்டினம்*

ப: 1974-ல் கச்சத்தீவு ஒப்பந்தத்தில் கோடு போட்டதை மறக்க முடியாத கரையிலிருந்து கேட்கிறீர்கள், புரிகிறது. உரிமை கிடைத்தது, மீன் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. 2020 கடைசியில் போட்ட ஒப்பந்தப்படி ஐரோப்பியப் படகுகளின் பங்கில் கால்வாசி மதிப்பைத்தான் படிப்படியாகக் குறைத்தார்கள். 2025-ல் பேசி, 2038 வரை அந்தப் படகுகள் தொடர்ந்து வரலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

பிடித்ததை விற்பதிலும் சிக்கல். சிப்பி, நண்டு, இறால் எல்லாம் ஐரோப்பிய சந்தைக்குத்தான் பெரும்பாலும் போகும். 2021 ஜனவரியில் சுகாதாரச் சான்று, சுங்கப் படிவம் என்று புதிதாக வந்ததும் லாரியிலேயே சரக்கு கெட்டது. ஐஸ் உருகினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதமே லாரிகளை லண்டனுக்கு ஓட்டிவந்து போராடினார்கள்.

கே: இவர்களுக்கு முன்னால் யாராவது விலகியதுண்டா?
*– சீர்காழி வாசகர்*

ப: உண்டு. டென்மார்க்கோடு சேர்ந்த கிரீன்லாந்து 1982-ல் ஓட்டெடுத்து 1985-ல் விலகியது. அங்கேயும் மீன்தான் காரணம்.

கே: இங்கே ஒரு மாநிலம் இப்படி ஓட்டெடுக்க முடியுமா?
*– சட்டக் கல்லூரி மாணவி, திருவாரூர்*

ப: முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் நாடுகள் கையெழுத்துப் போட்டு உண்டாக்கியது, வெளியே போகும் வழியும் அந்த ஒப்பந்தத்திலேயே 50-வது பிரிவாக எழுதியிருக்கிறது. நம் அரசியலமைப்பில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. மாநிலங்கள் உடன்பாடு செய்து சேர்ந்தவை அல்ல, அதனால் பிரிந்து போகும் உரிமையும் இல்லை என்று அம்பேத்கர் 1948 நவம்பரிலேயே அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார். 1963-ல் 16-வது திருத்தம் வந்தது, வேட்பாளர்கள் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றானது. அண்ணாவின் தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையை விட்டதும் அந்தக் காலத்தில்தான். மாநில உரிமைகளுக்காக உள்ளே இருந்து வாதாடும் வழியை அப்போது தேர்ந்தெடுத்தார்கள். அது சரியான தேர்வு என்பது என் எண்ணம்.

கே: எங்கள் குடும்பத்தில் சிலருக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட். என் பெரியப்பா மகன் பாரிஸிலிருந்து லண்டன் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கு அந்த ஓட்டெடுப்பில் ஓட்டு இருந்ததா? இப்போது அவர் நிலைமை என்ன?
*– காரைக்கால் வாசகி*

ப: இல்லை அம்மா. இந்த விதி பலருக்குத் தெரியாது. பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர்களுக்கு அந்த ஓட்டெடுப்பில் ஓட்டு உண்டு. இந்திய பாஸ்போர்ட்டோடு லண்டனில் இருந்த கும்பகோணத்துக்காரர் ஓட்டுப் போடலாம். பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு பக்கத்து வீட்டில் இருந்த காரைக்கால்காரர் போட முடியாது. யாருடைய வாழ்க்கை அதிகம் மாறப்போகிறதோ அவரைக் கேட்கவே இல்லை.

காரைக்காலுக்கு இது பழகிய கதைதான். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் எதிர்காலம் பற்றி 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் ஓட்டெடுத்தபோதும் போட்டது 178 பிரதிநிதிகள், இந்தியாவோடு சேர 170 பேர் ஆதரவு. ஊர் மக்கள் வரிசையில் நிற்கவில்லை. முடிவு நல்ல முடிவு. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

இப்போது உங்கள் அண்ணன் விஷயம். 2020 டிசம்பர் 31-க்கு முன்பே அங்கே குடியிருந்த ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்கள், தங்கும் உரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னார்கள். கடைசி நாள் 2021 ஜூன் 30. அவர் விண்ணப்பித்தாரா என்று முதலில் கேளுங்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்ததற்குச் சான்று காட்டியிருந்தால் நிரந்தர உரிமை கொடுத்திருப்பார்கள், கவலை இல்லை. தற்காலிக உரிமை என்று வந்திருந்தால், ஐந்து வருஷம் நிறைந்ததும் அதை நிரந்தரமாக மாற்றிவிட்டாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கவே இல்லை என்றாலும் ஏற்கத்தக்க காரணம் காட்டித் தாமதமாகக் கேட்க வழி இருக்கிறது. வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, வரி கட்டிய தாள் எதையும் தூக்கிப்போட வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.