பழைய வண்டிகளின் வயரிங் கோளாறுகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் 1978-ஆம் ஆண்டு அம்பாசிடர் கார் உள்ளது. அண்மையில் டிங்கரிங், பெயின்டிங் வேலைகளை முடித்து, வயரிங் முழுவதையும் புதிதாக மாற்றினேன். அதன் பிறகு பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டில் இண்டிகேட்டருக்கான பச்சை விளக்கு மங்கலாக எரிகிறது. பார்க்கிங் விளக்கைப் போட்டுவிட்டு இடது இண்டிகேட்டரைப் போட்டால் இடது டெயில் லேம்பும் சேர்ந்து துடிக்கிறது. பல்புகள், ஃப்ளாஷர், இண்டிகேட்டர் சுவிட்ச் ஆகியவற்றை மாற்றியும் பயனில்லை. வயர்கள் மாற்றி இணைக்கப்பட்டிருக்கும், எல்லாவற்றையும் மறுபடி பிரித்துத்தான் ஆக வேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன். அது அவசியமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளும் வயர் மாறியதைவிட, இடது பின்விளக்குக் கூண்டுக்கு எர்த் (மின்சாரம் பாடியின் உலோகம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி) சரியாகக் கிடைக்கவில்லை என்பதையே காட்டுகின்றன. வயர்கள் மாறியிருந்தால் பிரேக்கை மிதிக்கும்போது தவறான விளக்கு முழு வெளிச்சத்துடன் எரியும். மங்கலாக எரிவதும் மற்றொன்றோடு சேர்ந்து துடிப்பதும் எர்த் குறைபாட்டின் அடையாளங்கள்.

பிரேக் விளக்கும் டெயில் லேம்பும் 21/5 வாட் என்ற ஒரே பல்புக்குள் இருக்கும் இரண்டு இழைகள். அவற்றுக்கும், அதே கூண்டில் உள்ள இண்டிகேட்டர் பல்புக்கும், திரும்பும் வழி கூண்டின் உலோகம் ஒன்றுதான். அந்த உலோகம் பாடியைச் சரியாகத் தொடாவிட்டால், வாய்க்கால் அடைபட்ட தண்ணீர் பக்கத்து வயலுக்குள் புகுவதுபோல, பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம் இண்டிகேட்டர் பல்பின் இழைக்குள் பின்புறமாக நுழைந்து, இண்டிகேட்டர் வயரில் எதிர்த்திசையில் ஓடி, முன்பக்க இண்டிகேட்டர் பல்பு வழியாகவும் டேஷ்போர்டின் பச்சை விளக்கு வழியாகவும் எர்த்தைத் தேடிக்கொள்கிறது. வழியில் இரண்டு, மூன்று இழைகளைக் கடக்க வேண்டியிருப்பதால் எதுவும் முழுமையாக எரிவதில்லை. டெயில் லேம்ப் துடிப்பதற்கும் இதுவே காரணம்: இண்டிகேட்டர் எரியும் ஒவ்வொரு முறையும் கூண்டின் மின்னழுத்தம் உயர்ந்து, டெயில் லேம்புக்குக் கிடைக்கும் அழுத்தம் குறைந்துவிடுகிறது.

வயரிங் மாற்றியவுடன் இது தொடங்கியதால் வயரிங் மீது சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் அதே சமயத்தில் பெயின்டிங்கும் நடந்திருக்கிறது. கூண்டு உட்காரும் இடத்திலும் அதன் திருகு துளைகளிலும் பெயின்ட் தடிமனாகப் படிந்து, நடுவில் புதிய ரப்பர் கேஸ்கெட்டும் வைத்துவிட்டால், உலோகம் உலோகத்தைத் தொடவே வாய்ப்பில்லை. பளபளப்பாகத் திரும்பி வரும் பழைய கார்களில் மின்கோளாறுகள் அதிகமாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

சோதனை மிக எளிது. ஒரு நீளமான வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையைக் கூண்டின் உலோகத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பச்சை விளக்கு அணைந்துவிட்டால் கோளாறு உறுதியாகிவிட்டது. அளந்து பார்க்க விரும்பினால் மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. நிலையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றைப் பல்பு ஹோல்டரின் உடலிலும் வைத்து, பிரேக்கை மிதித்த நிலையில் அளவிடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்தே ஆக வேண்டும். இந்தச் சோதனைக்கு ஓம் நிலையைப் பயன்படுத்தாதீர்கள். மீட்டர் அனுப்பும் மின்சாரம் மிகச் சிறியது என்பதால், பல இழைகளில் ஒன்று மட்டும் அறுபடாமல் மிஞ்சிய வயரையும் அது நல்ல வயர் என்றே காட்டும். ஆனால் 21 வாட் பல்புக்குத் தேவையான 1.75 ஆம்பியரைக் கேட்கும்போது அந்த வயர் கைவிட்டுவிடும்.

சரிசெய்ய, திருகு உட்காரும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். என்னைக் கேட்டால், ஒவ்வொரு விளக்குக் கூண்டிலிருந்தும் தனியாக ஒரு கறுப்பு வயரை இழுத்துப் பாடியில் நல்ல போல்ட் ஒன்றில் இணைத்துவிடுவேன். ஐம்பது ஆண்டை நெருங்கும் தகட்டில் துருவை மட்டும் நம்பி எர்த் கொடுப்பது புத்திசாலித்தனமல்ல.

வண்டியைத் தூக்கும்போது எஞ்சினிலிருந்து பாடிக்கோ சேசிஸுக்கோ செல்லும் பின்னல் எர்த் பட்டை மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் இந்தப் பட்டை இல்லாவிட்டால், செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் ஆகியவற்றின் வழியாகத் திரும்ப முயலும். செல்ஃப் மந்தமாகச் சுற்றி, சோக் கேபிள் கையில் சுட்டால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

இவற்றுக்குப் பிறகும் கோளாறு நீடித்தால் மட்டும் நிறங்களைப் பாருங்கள். லூகாஸ் (பிரிட்டிஷ் மின்பாக நிறுவனம்) முறையில் பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ள வயர்; வெள்ளை சாவியைத் திருப்பிய பின் வருவது; பச்சை அதே மின்சாரம் ஃப்யூஸைக் கடந்து வருவது; கறுப்பு எர்த். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டருக்கும், பச்சையில் வெள்ளைக் கோடு வலது இண்டிகேட்டருக்கும் உரியவை. நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். ஆனால் கடைகளில் கிடைக்கும் ஹார்னஸ்களில் (வயர்க்கட்டுகளில்) கையில் இருந்த நிறத்தைப் போட்டுக் கட்டியவையும் உண்டு. ஆகவே நிறத்தைக் குறிப்பாக வைத்துக்கொண்டு, முடிவை டெஸ்ட் லேம்பிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: 1976-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினியில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் பொருத்தினோம். இப்போது சார்ஜ் நன்றாக ஏறுகிறது. ஆனால் சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கியரில் போட்டு கிளட்ச்சை விட்டுத்தான் நிறுத்துகிறேன். சாவி சுவிட்சையும் மாற்றிப் பார்த்தாயிற்று.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சுவிட்ச் மீது குற்றமில்லை. டேஷ்போர்டின் சிவப்பு சார்ஜ் விளக்கு இப்போது எரிகிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் எரியாது என்றே நினைக்கிறேன்.

ஆல்டர்னேட்டரில் சார்ஜ் விளக்குக்கென ஒரு சிறிய முனை உண்டு. சாவியிலிருந்து வரும் மின்சாரம் அந்த விளக்கின் வழியாக இந்த முனைக்குச் சென்று ஆல்டர்னேட்டரைத் தூண்டிவிடும். அது உற்பத்தியைத் தொடங்கியவுடன் இரு பக்கமும் சமமான மின்னழுத்தம் வந்து விளக்கு அணையும். உங்கள் வண்டியில் விளக்கைத் தவிர்த்து, சாவி வயரை நேராக அந்த முனையில் கொடுத்துவிட்டிருக்க வேண்டும். சாவியை அணைத்தாலும், சுற்றிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டர் அந்த வயர் வழியாகவே 14 வோல்ட்டைத் திருப்பி அனுப்பி பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலை உயிரோடு வைத்திருக்கிறது. நடுவில் 2.2 வாட் பல்பு இருந்தால் அதன் வழியாக 0.2 ஆம்பியருக்கு மேல் செல்லாது. அந்தக் காயிலுக்கு மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் பாயிண்ட் செட்டுக்கு மூன்று, நான்கு ஆம்பியர் தேவைப்படுவதால் எஞ்சின் நின்றுவிடும். எனவே பல்பை மறுபடி வழியில் சேர்த்தாலே போதும். அந்த இடத்தில் எல்.இ.டி. போடாதீர்கள். தூண்டுவதற்கு வேண்டிய மின்சாரத்தை அது விடாது என்பதால், எஞ்சினை நன்றாக முடுக்கும்வரை சார்ஜ் ஏறாமல் போகலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து டைனமோக்கள் 20 ஆம்பியரைச் சுற்றியே கொடுத்தன. ஆல்டர்னேட்டர் அதைப்போல் இரு மடங்கு கொடுக்கும். பழைய ரெகுலேட்டர் டப்பா வழியாகச் சென்ற அதே வயரில் இதையும் அனுப்பினால் இணைப்புகள் சூடேறி உருகும். ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரில் பேட்டரி கேபிள் வந்து சேரும் போல்ட்டுக்கு, 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத தனி கேபிள் போட்டு, பழைய டப்பாவை இணைப்பிலிருந்து முற்றிலும் விலக்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தந்தையாரின் 1959 மொரிஸ் மைனருக்குப் புதிய பேட்டரி போட்டவர், மற்றக் கார்களைப் போல மைனஸ் முனையைப் பாடியில் கொடுத்துவிட்டார். கார் ஸ்டார்ட் ஆகிறது, விளக்குகள் எரிகின்றன. ஆனால் சார்ஜ் விளக்கு அணைவதில்லை. என்ன கெட்டுப்போயிருக்கும்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: எஞ்சினை இனி ஓட்டாமல் முதலில் பேட்டரி கேபிளைக் கழற்றுங்கள். அந்தக் காலத்து மொரிஸ் மைனரில் பிளஸ் முனைதான் எர்த். பல்புக்குத் திசை கிடையாது. செல்ஃப் மோட்டாரும் எப்படி இணைத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். அதனால்தான் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றியது. டைனமோவின் நிலை வேறு. அதன் இரும்பில் மிஞ்சியிருக்கும் காந்தம் பழைய திசையிலேயே இருப்பதால், அது பேட்டரிக்கு எதிர்த்திசையில் உற்பத்தி செய்கிறது. அந்த நிலையில், டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் தானியங்கிச் சுவிட்சான கட்-அவுட் மூடினால் மிகப் பெரிய மின்சாரம் ஓடி அதன் பாயிண்டுகள் கருகிவிடும், ஒட்டிக்கொள்ளவும் கூடும். ஆகவே கட்-அவுட் இருக்கும் கண்ட்ரோல் பாக்ஸின் மூடியைத் திறந்து பாயிண்டுகளைப் பாருங்கள்.

அவை நன்றாக இருந்தால், பேட்டரியைப் பழைய முறையிலேயே, பிளஸ் பாடிக்குப் போகுமாறு மாட்டிவிடுவதே என் ஆலோசனை. பிறகு டைனமோவின் 'டி', 'எஃப்' என்ற இரு வயர்களையும் கழற்றி, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து, சிறிய முனையான 'எஃப்'-இல் ஒரு நொடி, இரண்டு மூன்று முறை மட்டும் தொட்டு எடுங்கள். சிறு பொறி பறக்கும், அஞ்ச வேண்டாம். பேட்டரியிலிருந்து வாயு வெளியேறும் இடத்தை விட்டுத் தள்ளி, டைனமோ பக்கத்தில்தான் தொட வேண்டும். அத்துடன் காந்தத்தின் திசை சரியாகிவிடும். வயர்களைத் திரும்ப மாட்டும்போது 'டி', 'எஃப்' இரண்டும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இக்காலத்து ரேடியோ, போன் சார்ஜர் போன்றவற்றுக்காக மைனஸ் எர்த் முறைக்கே மாற விரும்பினால், அதே தொடுதலை, மைனஸ் பாடிக்குப் போகுமாறு பேட்டரியை மாட்டிய பிறகு செய்ய வேண்டும். இக்னிஷன் காயிலின் இரண்டு சிறிய வயர்களையும் அப்போது இடம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிளக்கில் பொறி பலவீனமாகும்.

கேள்வி: 1972 அம்பாசிடர். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஹாரன் ஃப்யூஸ் போய்விடுகிறது. தற்காலிகமாகச் செப்புக் கம்பி கட்டி ஓட்டுகிறேன். ஆபத்தா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: ஆபத்துதான், இன்றே கழற்றுங்கள். அடுத்த முறை உரசும்போது ஃப்யூஸுக்குப் பதிலாக டேஷ்போர்டுக்குப் பின்னுள்ள வயர்க்கட்டு எரியும்.

ஒரு 21 வாட் பல்பின் ஹோல்டரில் இரண்டு வயர்களை இணைத்து, ஃப்யூஸ் இருந்த இடத்தில் மாட்டுங்கள். எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்த நிலையில் பல்பு எரியக்கூடாது. பிறகு ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் வயர்க்கட்டைப் பகுதி பகுதியாக அசையுங்கள். எங்கே அசைக்கும்போது பல்பு பளிச்சென்று எரிகிறதோ அங்கேதான் வயர் உரசுகிறது. பல்பு நடுவில் இருப்பதால் எதுவும் எரிந்துபோகாது. எஞ்சின் அறைத் தகட்டில் வயர் நுழையும் துளையின் ரப்பர், ஸ்டியரிங் கம்பத்துக்குள் செல்லும் ஹாரன் வயர், ஹாரன் பொருத்தப்பட்ட இடம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

ஃப்யூஸ் வாங்கும்போதும் கவனம் தேவை. லூகாஸ் முறையில் 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஃப்யூஸ் எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர் அளவே. கடையில் கிடைக்கும் மற்ற 35 ஆம்பியர் கண்ணாடி ஃப்யூஸ்கள் 35 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்குபவை. அவற்றைப் போட்டால் பாதுகாப்பு பாதியாகிவிடும். 15 அல்லது 20 ஆம்பியர் வாங்குங்கள்.

அந்தத் தலைமுறை வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பெரும்பாலும் ஃப்யூஸே கிடையாது. 60 வாட் பல்பு ஒன்றுக்கு 5 ஆம்பியர் என்பதால், பிரைட், டிம் இரண்டுக்கும் இடப்பக்கம், வலப்பக்கம் எனத் தனித்தனியாக 10 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒன்றே போட்டால், அது போகும் இரவில் சாலை முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டுவிடும்.