கூடங்குளம், கல்பாக்கம், உங்கள் கேள்விகள்

26 வருஷம் லோடு டெஸ்பாட்ச் கட்டுப்பாட்டு அறையில ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அணு உலை கட்டினவன் இல்லை, அது தந்த கரண்டை ஊர் ஊராப் பிரிச்சு அனுப்பினவன். தெரிஞ்சதைச் சொல்றேன்.

வள்ளியூர் ஆசிரியை: முப்பந்தல் பூரா காற்றாடி நிக்குதே, பிறகு எதுக்கு சார் அணு உலை?

ஆடியில காற்றாலை கொட்டும்மா. ஐப்பசியில படுத்துக்கும். சூரிய மின்சாரம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திடும். வீட்டுக்கு வீடு லைட்டு, டிவி, மிக்ஸி எல்லாம் ஓடுறதும் அந்நேரம்தான். கரண்டோட துடிப்பு வேகம் திரையில 50 ஹெர்ட்ஸ்ல நிக்கணும்; தேவைக்குக் கரண்ட் பத்தாம அந்த எண் 49.90-க்குக் கீழே நழுவும்போது வயித்தைப் பிசையும். அப்போ அசையாம நிக்கிறது அணு உலை.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. காற்று குறைஞ்சா கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும், சுதாரிச்சுக்கலாம். கூடங்குளத்துல ஒரு யூனிட், அதாவது ஒரு உலை, திடீர்னு நின்னுபோனா 1000 மெகாவாட் ஒரே நொடியில காணாமப் போகும். இந்தக் குறையை ஆதரிக்கிறவங்களும் பேச மாட்டாங்க, எதிர்க்கிறவங்களும் பேச மாட்டாங்க.

கல்லூரி மாணவர்: குண்டு மாதிரி வெடிக்குமா?

வெடிக்காது தம்பி. உலையில இருக்கிற யுரேனியம் குண்டுக்கு வேண்டிய செறிவுல இல்லை.

கடலோரத்திலிருந்து ஒருவர்: சுனாமி வந்தா?

2004-ல கல்பாக்கத்துல கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள்ள புகுந்துச்சு. ஓடிக்கிட்டிருந்த யூனிட்டைப் பத்திரமா நிறுத்திட்டாங்க. 2011-ல புகுஷிமாவிலயும் உலைகள் நின்னுச்சு. ஆனா உலையைக் குளிர்விக்கிற பம்புகளுக்குக் கரண்ட் தர வேண்டிய டீசல் ஜெனரேட்டர்கள் முழுகிப்போச்சு. அங்கதான் வினை. உலையை நிறுத்தினாலும் எரிபொருள் தானா சூட்டை உண்டாக்கிக்கிட்டே இருக்கும். கூடங்குளம் அளவு உலையில நிறுத்தின கையோட அது சுமார் 200 மெகாவாட் வெப்பம். அதைத் தணிக்கக் கரண்ட் இல்லாம வெளிக்காற்றாலேயே இயங்குற ஏற்பாடு கூடங்குளத்துல இருக்கு. அதனால எனக்கு அந்தப் பயம் குறைவு.

மீனவர் ஒருவர்: வெந்நீரைக் கடல்ல விடுறாங்களே அண்ணே?

உண்மைதான். 1000 மெகாவாட் கரண்டுக்கு 3000 மெகாவாட் வெப்பம் உண்டாகுது, மீதி கடலுக்குத்தான். அனல் நிலையமும் இதையே செய்யுது. வெளியேறும் தண்ணி எத்தனை டிகிரின்னு தினமும் ஊர்ல போர்டு எழுதி வைக்கணும்கிறது என் கருத்து.

சென்னை வாசகி: மலிவுன்னு சொல்றாங்களே?

எரிபொருள் மலிவு, கட்டுறதுதான் செலவு. கூடங்குளத்துல 2002-ல கட்ட ஆரம்பிச்ச முதல் யூனிட் வணிகரீதியா ஓடினது 2014 டிசம்பர் 31-ல. அத்தனை வருஷ வட்டியும் விலையிலதானே ஏறும்?

நாகர்கோவில் நண்பர்: கழிவு?

இங்கதான் என்கிட்ட பதில் இல்லை. எரிஞ்ச எரிபொருள்ல இருக்கிற புளூட்டோனியம் பாதியாகவே 24,000 வருஷம் ஆகும். பின்லாந்துல 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைஞ்சு அதைப் புதைக்க இடம் கட்டியிருக்காங்க. நம்ம கூடங்குளத்துல இப்போதைக்கு உலை வளாகத்துலயே, குளத்துல தண்ணிக்கடியில.

அதே நண்பர்: அந்தப் பக்கம் நீங்க மனை வாங்குவீங்களா சார்?

உலைக்குப் பயந்து வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அந்தக் குளத்துல கிடக்கிறது எப்போ, எங்க போகுதுன்னு எழுத்துல காட்டுங்க, அட்வான்ஸ் தர்றேன்.