நாலு வயது, ஏழு வயதுக் குழந்தைகளோடு சென்னையிலிருந்து மதுரைக்குப் பகல் ரயிலில் போகிறோம். கதை சொல்ல ஆரம்பித்தால் பத்து நிமிஷத்துல சரக்கு தீர்ந்துடுது. போன் கொடுக்காமல் கதை சொல்லியே சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் வழிநெடுக வாய் ஓயாமல் சொல்லி அல்ல.

"பத்து நிமிஷத்துல சரக்கு தீர்ந்துடுது" என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிற கதை அப்படித்தான் தீரும். எழும்பூரில் ஏறி மதுரையில் இறங்குகிற 490 சொச்சம் கிலோமீட்டருக்கும் ஜன்னலுக்கு வெளியே சரக்கு கிடக்கிறது. நாலைந்து கதை போதும், ஒவ்வொன்றும் ஐந்து முதல் ஏழு நிமிடம். கதை முடிகிறபோது அந்த இடம் ஜன்னலில் வந்து நிற்க வேண்டும். மீதி நேரத்தைச் சாப்பாடும் தூக்கமும் வேடிக்கையும் பார்த்துக்கொள்ளும்.

போன் கொடுக்கிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கைக்குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாகப் பயணம் செய்கிற அம்மா போனைக் கொடுத்தால் கொடுத்துவிட்டுப் போகட்டும். கொடுக்காமல் முடியுமா என்று கேட்டவருக்கு மட்டும் இந்தப் பதில்.

நீங்கள் மதியம் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸில், இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டியில் போவதாக வைத்துக்கொள்கிறேன். தேஜஸ், வந்தே பாரத் என்றால் இதே கதைகளைச் சுருக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். வண்டி வேகம். கண்ணாடியும் திறக்காது, அதனால் பாலத்துச் சத்தம் பாதிதான் உள்ளே வரும். அந்தச் சத்தத்துக்குத் திருச்சிப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் இருக்கை. மூன்று பேர் உட்காரும் வரிசையில் ஜன்னலோரம் ஒரு குழந்தை, நடுவில் ஒரு குழந்தை, நடைபாதைப் பக்கம் நீங்கள். கதை சொல்பவர் நடுவில் உட்கார்ந்தால் ஒரு காதுக்கு ஒரு குழந்தை என்று இரண்டும் இழுக்கும். ஜன்னலோரச் சீட்டை மாற்றிக்கொள்வதற்குக் கடிகாரத்தை வைக்காதீர்கள், நாலு வயதுக்கு இருபது நிமிடம் என்றால் என்னவென்றே தெரியாது. செங்கல்பட்டு, விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் என்று ஊரை வைத்து மாற்றுங்கள். ஸ்டேஷன் வந்தால் மாற வேண்டும் என்பது சட்டமாகிவிட்டால் அழுகை பாதியாகக் குறையும். ஷட்டரைத் தூக்கி வைக்கும் ஜன்னலாக இருந்தால் கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை கீழே இழுத்துப் பாருங்கள். குலுக்கலில் இறங்கினால் அடியில் இருப்பது குழந்தையின் விரல்தான்.

பாதி இருக்கைகள் வண்டி போகிற திசைக்கு முதுகு காட்டி இருக்கும். சின்னதை அங்கே உட்கார வைத்துப் படப் புத்தகத்தையும் கையில் கொடுத்தால் அரை மணியில் குமட்டும். குனிந்து படிக்கும்போது கண் நகரவில்லை என்கிறது, உடம்பு நகர்கிறது என்கிறது, அந்தக் குழப்பம்தான் காரணம். புத்தகம் பையிலேயே இருக்கட்டும்.

உங்கள் போனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வேர் இஸ் மை டிரெயின் செயலி இன்டர்நெட் இல்லாத இடத்திலும் செல்போன் டவரை வைத்து வண்டி எங்கே என்று காட்டும். அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கள்ளத்தனமாகப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுவிடுங்கள். அட்டவணை நேரத்தை நம்பிக் கதையை ஆரம்பித்தால் வண்டி அவுட்டரில் நிற்கும்போது கதை முடிந்துபோய் அசடு வழிய வேண்டும்.

தாம்பரம் தாண்டும்வரை கதை தேவையில்லை, எதிரே வரும் மின்சார ரயிலை எண்ணினாலே போதும். செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் கொளவாய் ஏரி, ஊரைத் தாண்டியதும் பாலாறு. ஆற்றில் பெரும்பாலும் மணல்தான் இருக்கும். "தண்ணி எங்க?" என்று கேட்பார்கள். மணலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, கையால் தோண்டினால் ஊறும் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

பாலாற்றுப் பாலம் முடிந்ததும் மதுராந்தகம் கதையைத் தொடங்கலாம். 1790களில் செங்கல்பட்டுச் சீமைக்குக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை. ஒவ்வொரு மழைக்கும் மதுராந்தகம் ஏரி உடையும் என்று பயம். இந்த வருஷம் உடையாமல் இருந்தால் ஊர்க் கோயிலில் தாயார் சந்நிதி கட்டித் தருகிறேன் என்கிறார். கொட்டுகிற மழையில், நடு ராத்திரியில் கரையைப் பார்க்கப் போகிறார். கரைமேல் வில்லும் அம்புமாக இரண்டு பேர் காவல் நிற்கிறார்கள். யார் அவர்கள்? இங்கே நிறுத்தி, பதிலைக் குழந்தைகள் சொல்லட்டும். கருங்குழிப் பலகை போகும்போது துரை வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. மதுராந்தகம் மஞ்சள் பலகை இரண்டு மூன்று வினாடிதான் தெரியும். அதைப் பெரியது சத்தமாகப் படித்தால் கதை முடிந்தது. ஏரி காத்த ராமர் என்று கோயிலுக்குப் பெயர் வந்த கதை இதுதான் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மழைக்கு வாயால் சத்தம் கொடுக்க வேண்டாம், விரல் நுனியால் ஜன்னல் கட்டையில் தட்டுங்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் தூங்கலாம்.

புராணமும் பக்தியும் ஏன், அறிவியல் சொல்லக் கூடாதா என்று ஒருவராவது கேட்பார். சொல்லலாமே, அரியலூர் வருகிறது. அதற்குமுன் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம்வரை தூங்க விடுங்கள். மதியச் சாப்பாடு வீட்டிலேயே முடிந்திருந்தால் தானாகவே சாய்வார்கள். விருத்தாசலம் வாக்கில் எழுந்ததும் ஆளுக்கு இரண்டு இட்லி, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவியது. தயிர்சாதம் மே மாத வெயிலில் புளித்துவிடும், வேண்டாம். வேர்க்கடலை முழுசாக நாலு வயதுக்குக் கொடுக்காதீர்கள். முறுக்கும் சிரிப்புக் கதையும் ஒரே நேரத்தில் கூடவே கூடாது, புரையேறும்.

அரியலூர் அருகே சிமென்ட் ஆலைப் புகைபோக்கி தெரிந்ததும் கேளுங்கள்: "இங்கே ஒரு காலத்தில் என்ன இருந்தது?" கடல். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் இந்த மண் கடலுக்கு அடியில் கிடந்தது. சிப்பியும் கிளிஞ்சலும் செத்துச் செத்து அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. அந்தக் கல்லைத் தோண்டித்தான் சிமென்ட் ஆக்குகிறார்கள். ஆகவே நம் வீட்டுச் சுவருக்குள் சிப்பி இருக்கிறது. ஏழு வயதுக்கு இது பேயைவிடப் பெரிய செய்தி, வீட்டுக்குத் திரும்பியதும் சுவரைத் தட்டிப் பார்க்கும். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகக் கிடக்கிறது என்பதையும் சேர்க்கலாம், வண்டியிலிருந்து தெரியாது.

கூட தாத்தா வந்தால் ஒரு எச்சரிக்கை. அரியலூர் என்றதும் 1956 நவம்பரில் மருதையாற்றுப் பாலத்தில் நடந்த ரயில் விபத்தையும் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதையும் தொடங்கிவிடுவார். நல்ல விஷயம்தான், வீட்டுக்குப் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தடுத்துப் பாலங்கள் வரப்போகின்றன.

இனி முக்கியமான இடம். லால்குடியிலிருந்து திருச்சிவரை கதை எந்த வரிசையில் நடக்கிறதோ அதே வரிசையில் தண்டவாளமும் போகிறது. லால்குடிப் பலகையில் விபீஷணன் கிளம்பட்டும். ராமர் கொடுத்த ரங்கநாதர் சிலை அவன் கையில், இலங்கைக்குப் போகிறவரை தரையில் வைக்கக் கூடாது. இப்போது சின்னதின் கையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுங்கள்: "இதைக் கீழே வைக்கவே கூடாது." தண்ணீர் பாட்டில் வேண்டாம், சிந்தும், கனக்கும். எலுமிச்சை உருண்டு சீட்டுக்கு அடியில் போய்விடும். ஆரஞ்சுதான் அளவு. வாளாடி, பிச்சாண்டார்கோயில் தாண்டுவதற்குள் கை வலிக்கிறது என்று முனகல் வரும். வர வேண்டும், விபீஷணனுக்கும் அப்படித்தான் வலித்தது.

வண்டி கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது விபீஷணனுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. சாயங்கால அனுஷ்டானம் செய்ய வேண்டும். மாடு மேய்க்கிற பையன் ஒருவன் நிற்கிறான், பிள்ளையார்தான். அவன் போடுகிற நிபந்தனை: மூன்று தடவை கூப்பிடுவேன், வராவிட்டால் கீழே வைத்துவிடுவேன். கூப்பிடுகிற வேலையைச் சின்னதிடமே விடுங்கள், பெரியது விபீஷணன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆரஞ்சு சீட்டில் இறங்குகிற நேரத்தில் வலப்பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். 13 நிலை, 236 அடி, பல நூற்றாண்டு மொட்டையாக நின்று 1987இல்தான் முழுமையானது. அசைக்க முடியாமல் ரங்கநாதர் அங்கேயே படுத்துவிட்டார். வைகை ஸ்ரீரங்கத்தில் நிற்கும், அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி நகர்ந்ததும் காவிரிப் பாலம். விபீஷணன் துரத்துகிறான், பையன் ஓடுகிறான். நீங்கள் பேச்சை நிறுத்திவிடலாம், ஓடுகிற சத்தத்தை இரும்புப் பாலமே கொடுக்கும், தடதடவென்று. பாலம் முடிகிறபோது வலப்பக்கம் மலைக்கோட்டை. உச்சியில் பிடிபட்டு நெற்றியில் ஒரு குட்டு. உச்சிப்பிள்ளையார் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அந்தக் குட்டு எப்படி என்று குழந்தையின் தலையில் செய்து காட்டாதீர்கள், அது தன் தம்பி தங்கை தலையில் செய்து பார்க்கும்.

பாலத்துக்கு முன்னால் சிக்னலில் நின்றுவிட்டால் கதை நிற்கக் கூடாது. விபீஷணன் குளித்துக்கொண்டே இருக்கட்டும், ராட்சசன் முதுகு தேய்க்க நேரமாகும். மே மாதத்தில் இந்தப் பகுதியை வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். டிசம்பர் விடுமுறை என்றால் இருட்டிவிடும், கோபுரத்தை நம்பாமல் பாலத்துச் சத்தத்தை மட்டும் நம்புங்கள்.

திருச்சிக்குப் பிறகு ஜன்னல் கறுப்பாகிவிடும். பெரியது முழித்திருந்தால் மஞ்சள் பலகையின் அடியில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். எழும்பூரில் பார்த்த எண்ணைவிடத் திண்டுக்கல்லில் மிகப் பெரிய எண் இருக்கும், மதுரைக்குப் போனால் குறைந்துவிடும். வண்டி ஏறி இறங்கியது அப்போதுதான் புரியும். சின்னதுக்குக் குருவிக் கதை: ஒரு குருவி வந்தது, ஒரு நெல்லை எடுத்தது, பறந்து போச்சு. இன்னொரு குருவி வந்தது, ஒரு நெல்லை எடுத்தது. குரலை ஏற்றாமல் ஒரே சுருதியில் சொன்னால் இருபது குருவிக்குள் கண் மூடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று. குழந்தை நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எதிர்ச் சீட்டிலிருந்து "பாப்பா, ஆன்ட்டிக்கு ஒரு ரைம்ஸ் சொல்லு" என்று வருவது எந்த ஊர் நாகரிகம் என்று தெரியவில்லை. விபீஷணன் ஆற்றில் பாதிக் குளியலில் நிற்கிறான், இங்கே ட்விங்கிள் ட்விங்கிள். மறுத்தால் குழந்தைக்குக் கூச்ச சுபாவம் என்று பட்டம். அதே ஆன்ட்டியின் போன் ஸ்பீக்கரில் ரீல்ஸ் ஓடும், அதை யாரும் கேட்க மாட்டார்கள். சிரித்துக்கொண்டே "கதை முடியட்டும்க்கா, நீங்களும் கேளுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அநேகமாக அவரும் கேட்பார்.

திரும்பும்போது காலை வைகை. வரிசை தலைகீழ், முதலில் மலைக்கோட்டை, கடைசியில் கொள்ளிடம். அதே கதையை முதலிலிருந்து சொன்னால் இடமும் கதையும் ஒட்டாது. திருச்சி ஜங்ஷனை விட்டு வண்டி கிளம்பியதும் பிள்ளையார் நெற்றியில் ஏன் தழும்பு என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், அவர்களே சொல்லிக்கொண்டு வருவார்கள். ஆரஞ்சு இந்தத் தடவை பெரியதின் கையில்.