12 வயது மகனுடன் ‘விக்ரம்’ பார்க்கலாமா?

வணக்கம் சகோதரி. ஓண விடுமுறையில் 12 வயது மகனையும் மாமியாரையும் உட்காரவைத்து, 2022இல் வந்த ‘விக்ரம்’ போடலாமா என்று கொல்லங்கோட்டிலிருந்து கேட்டிருந்தீர்கள். மாமியாருக்கு வேண்டவே வேண்டாம். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் போட்டபோது, ஒரு பெண்ணைக் கொன்றது தெரியவரும் கட்டத்தில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

படம் எனக்கு மிகவும் பிடிக்கும். கமல், விஜய் சேதுபதி, ஃபகத் ஃபாசில் மூவருக்கும் தனித்தனி நடை, தனித்தனி மூச்சு. முதல் பாதியை ஃபகத்தின் விசாரணைதான் தாங்குகிறது. கமலின் பேரக்குழந்தைக்கு இதயக் கோளாறு; சத்தத்துக்கே அதிர்ந்துவிடும். தாத்தா அந்தப் பயத்தோடு சண்டை போடுவதைப் பார்த்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடிதடிக்கு அங்கே ஓர் அர்த்தம் இருக்கிறது.

பிற்பாதியில் அது கரைந்துவிடுகிறது. துப்பாக்கி பெரிதாகப் பெரிதாக, விழுகிறவர்கள் வெறும் எண்ணிக்கையாகிறார்கள். மனைவிமார் சாவது கணவன்மார் கோபப்படுவதற்காக மட்டுமே. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏஜெண்ட் டீனாவாக வரும் வசந்தியின் சண்டை ஒன்றுதான் ஆறுதல்.

மகனுக்கு முதலில் 2019இல் வந்த ‘கைதி’யைக் காட்டுங்கள். அதிலும் ரத்தம் உண்டு, ஆனால் ஒரே இரவுக் கதை, பாட்டு இல்லை, மகளைப் பார்க்கத் துடிக்கும் அப்பா இருக்கிறார். நரேன் நடித்த போலீஸ் அதிகாரி பிஜாய் இரண்டு படங்களிலும் வருவதால் தொடர்பும் புரியும். ‘விக்ரம்’ போடும் நாளில் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், ரிமோட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.