இரவு வார்டை நடத்துவது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தைப் பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியர். ஆறு மாதங்களுக்கு முன் பெண்கள் பொது மருத்துவ வார்டின் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு முன் பொறுப்பில் இருந்தவர் பேசினால் வராந்தாவின் மறுகோடி வரை கேட்கும். அவர் செருப்புச் சத்தம் வந்தாலே கட்டில் விரிப்புகள் நேராகிவிடும். எனக்குக் குரலே எழும்பாது. காலை ஷிப்ட் மாறும்போது இளையவர்கள் பத்து நிமிடம், கால் மணி நேரம் தாமதமாக வருகிறார்கள். என்னைவிட மூத்த அக்கா ஒருவர், நான் போடும் டூட்டிப் பட்டியலை என்னிடம் கேட்காமலேயே மற்றவர்களோடு பேசி மாற்றிக்கொள்கிறார்.

சென்ற மாதம் இரண்டு நாள் தலைமைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, நான் ‘விட்டுக்கொடுக்கும் வகை’ என்றார்கள். ‘ஆணையிடும் வகை’யாக மாறினால்தான் வார்டு நிற்கும் என்று பயிற்சியாளர் சொன்னார். திரும்பி வந்து ஒரு நாள் கத்தியும் பார்த்தேன். இரண்டு நாள் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். பிறகு பழையபடிதான். அந்த இரண்டு நாளும் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

நான் செய்ததாகச் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. இரவில் வயதான நோயாளிகள் கழிப்பறைக்கு எழுந்து போகும்போது கீழே விழுந்துகொண்டிருந்தார்கள். எந்தக் கட்டில், எத்தனை மணி என்று நோட்டில் குறித்து வரச் சொன்னேன். பெரும்பாலும் விடியற்காலையில், கோடியில் இருக்கும் கட்டில்களில்தான் நடந்தது. இரவுச் செவிலியரின் மேசையை அந்தப் பக்கம் நகர்த்தினோம். நீர் பிரிய மாலையில் கொடுக்கும் மாத்திரையைச் சற்று முன்னதாகக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். சம்மதித்தார். இப்போது விழுவது மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் இது நிர்வாக வேலை, தலைமை ஆகாது அல்லவா?

எனக்கான தலைமைப் பாணியை எப்படிக் கண்டுபிடிப்பது? அல்லது பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

ஊரையும் மருத்துவமனையையும் காட்டக்கூடிய வரிகளை நீக்கிவிட்டு உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன். கத்தியதற்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். முதியவர்கள் விழாமல் காத்ததை ‘நிர்வாக வேலை’ என்று தள்ளி வைத்துவிட்டீர்கள். எனக்கு அந்தப் பத்திதான் கடிதத்தின் உயிர். நீங்கள் தேடும் பாணி அதற்குள் இருக்கிறது.

முதலில் அந்தக் கேள்வித்தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆணையிடும் தலைவர், கலந்து பேசும் தலைவர், விட்டுவிடும் தலைவர் என்ற பாகுபாடு, 1930-களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் குர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வால் பரவியது. பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாக்கி, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக வைத்தார்கள். அதே பெரியவர்கள்தான் சில வாரங்களுக்கு ஒருமுறை முறையை மாற்றிக்கொண்டு நடத்தினார்கள். ஒரு குழுவில் ஆணையிட்டவர் இன்னொரு குழுவில் கலந்து பேசினார். அந்த ஆய்வில் ‘வகை’ என்பது செய்து காட்டப்பட்ட நடத்தை. யாருடைய பிறவிக் குணத்துக்கும் அங்கே பெயர் சூட்டவில்லை. உங்கள் நெற்றியில் அதை எழுதி ஒட்டியது தவறு.

அந்த ஆய்வில் உங்களுக்கு உதவுவது வேறொன்று. பொறுப்பாளர் அறையைவிட்டு வெளியே போனதும், ஆணைக்கு உட்பட்டிருந்த குழுவில் வேலை சட்டென்று சரிந்தது. கலந்து பேசிச் செய்த குழுவில் வேலை பெரும்பாலும் தொடர்ந்தது. உங்கள் வார்டை இப்போது நினைத்துப் பாருங்கள். நீங்கள் பகலில் இருக்கிறீர்கள். இரவு முழுவதும் இல்லை. எவ்வளவு பெரிய குரலாக இருந்தாலும் விடியற்காலை நான்கு மணிக்கு அது வார்டில் இருக்காது. நீங்கள் நகர்த்தி வைத்த மேசை அந்நேரமும் அங்கே இருக்கிறது.

உங்கள் தொழிலின் தாய் என்று எல்லோரும் சொல்லும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் செவிலியம் பற்றி எழுதியபோது இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். நீங்கள் இருக்கும்போது செய்வது, நீங்கள் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யத் தெரியாவிட்டால் நல்ல செவிலியத்தின் பலன் அனைத்தும் வீணாகிவிடும் என்பது அவர் வாதம். நிர்வாகம் வேறு, தலைமை வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் அந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

நைட்டிங்கேல் என்றதும் எல்லோருக்கும் கையில் விளக்கு ஏந்திய பெண்தான் நினைவுக்கு வருகிறார். 1855-இல் லண்டன் படப்பத்திரிகை ஒன்று வெளியிட்ட சித்திரம் அந்த உருவத்தை நிலைநிறுத்திவிட்டது. இரவில் வார்டுகளைச் சுற்றி வந்தது உண்மை. ஆனால் அவர் தலைமை அந்த விளக்கில் இல்லை என்பது என் எண்ணம். 1854 நவம்பரில், ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களைக் கொண்டுவந்து போட்ட ஸ்கூட்டரி மருத்துவமனைக்கு 38 செவிலியர்களோடு போய்ச் சேர்ந்தார். இன்றைய இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் இருக்கிறது அந்த இடம். ராணுவ டாக்டர்களுக்கு இந்தப் பெண்கள் வந்ததே பிடிக்கவில்லை. நைட்டிங்கேல் சண்டைக்குப் போகவில்லை. டாக்டர் அழைக்காமல் யாரும் வார்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று தன் செவிலியர்களைத்தான் தடுத்து நிறுத்தினார். கண்ணெதிரே நோயாளிகள் தவிக்கும்போது கைகட்டி நிற்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். சில நாட்களில் இன்கர்மன் சண்டையில் காயம்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து குவிந்தார்கள். டாக்டர்களே அழைத்தார்கள்.

பிறகு அவர் செய்தது பெரும்பாலும் வார்டுக்குத் தேவையான பொருட்களைக் கேட்டு எழுதும் உங்கள் இன்டென்ட் நோட்டில் வரும் வேலை. தரை தேய்க்கும் பிரஷ்கள் வாங்கினார். சட்டைகள் வாங்கினார். பக்கத்தில் ஒரு வீட்டைப் பிடித்து, கொதிகலன் வைத்து, வீரர்களின் மனைவியரைக் கூலிக்கு அமர்த்தித் துணி வெளுக்க வைத்தார். நோய் கடுமையாக இருந்தவர்களுக்குத் தனிச் சமையல் ஏற்பாடு செய்தார்.

இத்தனைக்கும் பிறகு அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் உச்சத்துக்குப் போனது. காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்களே மிக அதிகம். மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடைகளைச் சுத்தம் செய்து காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகுதான் சாவு வேகமாக இறங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் என்பவரோடு உட்கார்ந்து கணக்கெடுத்தபோதுதான் இதன் முழு அர்த்தம் நைட்டிங்கேலுக்குப் புரிந்தது. அங்கிருந்து அவர் வழி மாறியது. எண்களைப் படமாக வரைந்து அமைச்சர்களின் மேசையில் வைத்தார். 1857-இல் உடல் முடங்கியது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கை அறையிலிருந்தே வேலை செய்தார். ஒருமுறைகூட இந்தியாவுக்கு வராமல், இங்கிருந்த ராணுவ முகாம்களுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று கேட்டு வாங்கினார். ஓர் அறைக்குள் இருந்துகொண்டு, குரலே கேட்காத தூரத்தில் இருந்தவர்களை நடத்தினார்.

அதே போரில் இன்னொரு பெண் இருந்தார். ஜமைக்காவில் பிறந்த மேரி சீக்கோல். தாய் தங்கும் விடுதி நடத்திய நாட்டு வைத்தியர், தந்தை ஸ்காட்லாந்துப் படைவீரர். கிரிமியா போகும் செவிலியர் குழுவில் சேர லண்டனில் முயன்றார். சேர்க்கவில்லை. தன் செலவில் புறப்பட்டுப் போய், பாலக்லாவா துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிடைத்த மரத்தையும் இரும்புத் தகட்டையும் வைத்து 1855-இல் ஒரு விடுதி கட்டினார். அங்கே சாப்பாடு விற்றார், மருந்து கொடுத்தார். சண்டை நடந்த இடத்துக்கே மருந்தும் உணவும் எடுத்துக்கொண்டு போனார். வீரர்கள் அவரை அம்மா என்று அழைத்தார்கள். 1856-இல் போர் முடிந்தபோது சரக்குகள் தேங்கி, கடனாளியாகத்தான் இங்கிலாந்து திரும்பினார். அவரால் பயன்பெற்ற படையினர் லண்டனில் விழா நடத்தி நிதி திரட்டினார்கள்.

கலகலவென்று பேசி, சமைத்துப் போட்டு, ஆளைத் தொட்டுக் காரியம் நடத்துகிறவர் சீக்கோல். பட்டியலும் கணக்கும் கடிதமுமாக நடத்துகிறவர் நைட்டிங்கேல். சீக்கோலின் விடுதியை நைட்டிங்கேல் நடத்தியிருந்தால் ஒரு வாரத்தில் ஆட்கள் ஓடியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அரசுக் குழுவுக்கான அறிக்கை எழுதச் சொன்னால் சீக்கோல் மூச்சு முட்டிப் போயிருப்பார். இருவருமே கேள்வித்தாள் நிரப்பித் தங்கள் வழியைத் தேடவில்லை. எதைப் பார்த்துத் தாங்க முடியவில்லையோ அதில் கை வைத்தார்கள், கைக்குப் பழகியது எதுவோ அதையே இன்னும் திடமாகச் செய்தார்கள்.

உங்களுக்குத் தாங்க முடியாதது எது என்று உங்கள் கடிதமே சொல்கிறது. ஒரு கிழவி விடியற்காலையில் தனியாக எழுந்து நடந்து விழுவது. அதற்கு நீங்கள் எடுத்த வழியையும் கவனியுங்கள். யாரையும் குற்றம் சொல்லாமல் குறித்து வரச் சொன்னீர்கள். குறித்ததைப் பார்த்து மேசையை நகர்த்தினீர்கள். டாக்டரிடம் ஆணையாகவும் போகாமல் கெஞ்சவும் போகாமல் கேள்வியாகப் போனீர்கள். இவ்வளவும் குரல் உயராமல் நடந்திருக்கிறது. அந்தப் பயிற்சியாளர் இதை ‘விட்டுக்கொடுப்பது’ என்றால், அவர் வார்டு என்று ஒன்றைப் பார்த்ததே இல்லை.

தாமதத்தையும் இதே வழியில் எடுங்கள். கால் மணி நேரத் தாமதத்தைச் சுமப்பவர் யார்? இரவெல்லாம் நின்றவர். வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர். ஒரு மாதம் ஷிப்ட் ஒப்படைக்கும் நேரத்தை எழுதி வரச் செய்யுங்கள். மாதக் கடைசியில் இரவில் இருந்தவர்களையும் காலையில் வருகிறவர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, நோட்டைத் திறந்து, இதற்கு என்ன செய்யலாம் என்று கேளுங்கள். காரணங்கள் வரும். முதல் பஸ் நேரம் ஒத்துவராதது ஒரு காரணமாக இருக்கலாம், வெறும் அலட்சியமும் ஒரு காரணமாக இருக்கலாம். முதலாவதற்கு டூட்டியை மாற்றிப் போடுங்கள். இரண்டாவதற்குச் சலுகை கிடையாது என்பதை அதே கூட்டத்தில், அதே குரலில் சொல்லிவிடுங்கள்.

மூத்த அக்கா விஷயத்தில்தான் உங்கள் பாணி போதாது. நோட்டு இங்கே உதவாது. உங்களைப் போல அமைதியாக நடத்துகிறவர்களுக்கு முகத்துக்கு நேராக ஒருவரிடம் ‘கூடாது’ என்று சொல்வது மட்டும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். அதைப் பழகித்தான் ஆக வேண்டும். பாணியை வடிவமைப்பது என்று நீங்கள் கேட்டதில் பாதி இந்தப் பழக்கம்தான். மற்றவர்கள் இல்லாத நேரத்தில் அவரை உட்கார வைத்து, அக்கா என்றே அழைத்து, இரண்டு விஷயம் சொல்லுங்கள். பட்டியலை மாற்ற வேண்டுமானால் என்னிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், சொல்லாமல் மாற்றினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்பது ஒன்று. பட்டியல் போடும் முன் தன்னைக் கேட்காதது ஏன் என்று அவர் மனதில் இருக்கக்கூடிய கேள்விக்கு நீங்களாகவே பதில் சொல்வது இன்னொன்று. இத்தனை வருட அனுபவம் உள்ளவரைத் தாண்டி உங்களுக்குப் பொறுப்பு வந்திருக்கிறது. அந்த வருத்தம் நியாயமானது. அதை மதிப்பது வேறு, அதற்காகப் பட்டியலை விட்டுக்கொடுப்பது வேறு. சொல்லும்போது குரல் நடுங்கினால் நடுங்கட்டும். வாக்கியத்தைப் பாதியில் விடாதீர்கள்.

பொறுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் விலகினால் அந்த இடத்துக்கு வருகிறவர் விழுந்தவர்களின் நோட்டைத் தொடர்வார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அடுத்த மாத டூட்டிப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அக்காவிடம் பேசிவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.