ஆவணக்காப்பகப் பயிற்சிக்குப் போகலாமா?

தம்பி, நூலக அறிவியல் முதுகலையில் முதல் ஆண்டை முடிக்கப்போகிறீர்கள். அலபாமாவில் ஒரு சிவில் உரிமை அமைப்பு கோடைக்காலப் பயிற்சிக்கு அழைத்திருக்கிறது. பழைய கடிதங்களை ஸ்கேன் செய்யவா இவ்வளவு செலவழித்து அனுப்பினோம் என்று வீட்டில் கேட்கிறார்கள். போகலாமா, விசாவுக்குச் சிக்கல் வருமா என்பது உங்கள் கேள்வி. போங்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விசா. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்துக்கு வெளியே பயிற்சி பெற சி.பி.டி. (பாடத்திட்டம் சார்ந்த நடைமுறைப் பயிற்சி) அனுமதி வேண்டும். பயிற்சி பாடத்திட்டத்தோடு இணைந்ததாக இருக்க வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டையும் முடித்திருக்க வேண்டும். அமைப்பின் பெயரும் தேதிகளும் கல்லூரி தரும் ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தில் ஏறும்வரை அங்கே ஒரு தாளைக்கூடத் தொடாதீர்கள். சம்பளம் இல்லையென்றால் அனுமதியே வேண்டாம் என்று அறைத் தோழர்கள் அடித்துச் சொல்வார்கள். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் நம்ப வேண்டாம். இலாப நோக்கற்ற அமைப்பு என்றாலே ஹெச்-1பி வேலை விசாவுக்குக் குலுக்கல் கிடையாது என்பதும் அரைகுறைத் தகவல்தான். அந்த விலக்கு பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த அமைப்புகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது.

இனி வேலை. ஸ்கேனர் பொத்தானை அழுத்துவது அதில் சிறு பகுதி. பெட்டியைத் திறந்தால் கையில் வருவது பெரும்பாலும் தட்டச்சுக் கடிதங்களின் கார்பன் பிரதிகள், வெங்காயச் சருகு போன்ற தாளில். மூலையில் துருப்பிடித்த கிளிப் இருக்கும். பிடித்து இழுத்தால் மூலையும் கூடவே வந்துவிடும். கிளிப்புக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, தாளை மேசையோடு அழுத்திக்கொண்டு, சிறிய உலோகத் தகட்டால் மேற்கம்பியை மெதுவாக நெம்ப வேண்டும். தாளைத் தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் பக்கமே இவற்றைக் கொண்டுபோகக் கூடாது. தாளைத் தொடச் சுத்தமான வெறுங்கை போதும். புகைப்படத்துக்கு நைட்ரைல் கையுறை. (வெள்ளைப் பருத்திக் கையுறை சினிமாவில்தான் அழகு.) படத்தின் பின்புறத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள், யார், எந்த ஊர் என்று பென்சிலில் குறித்திருப்பது அங்கேதான். பாதுகாப்புப் பிரதி டிஃப் கோப்பாக, பார்வைக்கு ஜேபெக் அல்லது பிடிஎஃப். இதெல்லாம் சில நாள்களில் பழகிவிடும்.

எளிதில் பழகாதது, எதை வெளியிடலாம் என்ற முடிவு. அதற்காகத்தான் உங்களைப் போகச் சொல்கிறேன். ஒரு பெட்டியில் உறுப்பினர் பட்டியல் கிடைக்கிறது என்று வையுங்கள். பெயர், முகவரி, சந்தா. 1956-ல் அலபாமா அரசு தொடுத்த வழக்கில் இப்படிப்பட்ட பட்டியலைத்தான், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. என்ற சங்கத்திடம் கேட்டார்கள். பெயர் வெளியே போனால் வேலை பறிபோகும், அடிவிழும் என்று அறிந்த சங்கம் தர மறுத்தது. 1 இலட்சம் டாலர் அபராதம் விதித்தும் அசையவில்லை. 1958-ல் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அப்படிக் காப்பாற்றிய பெயர்களை இன்று ஒரே சொடுக்கில் உலகத்துக்குத் திறந்துவிடலாமா? மறைத்தே வைத்தால், தாத்தாவின் பெயரைத் தேடி வரும் பேத்திக்கு என்ன பதில்? பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில், அரசே மக்களை வேவு பார்த்து எழுதிய இறையாண்மை ஆணையக் கோப்புகளை 2027 வரை பூட்டிவைக்க 1977-ல் சட்டம் செய்தார்கள். நீண்ட வழக்குக்குப் பிறகு 1998-ல் அவை திறக்கப்பட்டன. அப்போதும், வேவு பார்க்கப்பட்டவர்கள் தங்களைப் பற்றிய பகுதியை மறைக்கக் கோர வாய்ப்பளிக்கப்பட்டது. அமெரிக்காவில் இந்த இரண்டு வழக்குகளையும் தெரிந்துகொள்ளாமல் ஆவணக்காப்பாளராக வரக் கூடாது என்பது என் கட்சி.

பதிப்புரிமையும் குழப்பும். கடிதத் தாள் அமைப்பின் கையில் இருந்தாலும் அதில் உள்ள எழுத்தின் உரிமை பொதுவாக எழுதியவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ உரியது.

இந்தியனுக்கு அங்கே என்ன வேலை என்றும் தயங்கியிருந்தீர்கள். கறுப்பின மக்களின் வாக்கைக் காக்க வந்த வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது 1965 ஆகஸ்டில். நம்மைப் போன்றவர்கள் பெருமளவில் வரக் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம் அதே ஆண்டு அக்டோபரில். இரண்டும் ஒரே காற்றில் பிறந்தவை. தவிர, வெளியாளுக்கு ஒரு வசதி உண்டு: தெரிந்ததுபோல் நடிக்க முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். பெட்டியைக் கொண்டுவந்து தரும் முதியவர்களுக்கு, கேட்கிறவர்களைப் பிடிக்கும்.

கார் இல்லாமல் அலபாமாவில் சிரமம். அலுவலகத்துக்கு நடக்கும் தூரத்தில் அறை பாருங்கள். ஆவண அறை குளிராக இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள்.

இப்போது அந்த நிபந்தனை. சம்மதம் சொல்லும் முன் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்: ஒரு சிறு தொகுப்பையாவது நானே வகைப்படுத்தி, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று காட்டும் வழிகாட்டிப் பட்டியலை எழுதலாமா? தயாரித்தவர் என்று அதில் என் பெயர் வருமா? ஸ்கேன் வேலை மட்டும்தான், சம்பளமும் கிடையாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறிடம் பாருங்கள்.