உதவி இயக்குநராக வேலை செய்யாமல், சுயாதீனப் படம் எடுத்து இயக்குநராக முடியுமா?

முடியும். குறும்படம் ஒன்றிரண்டு முடித்து முழுநீளப் படத்துக்குக் கிளம்பும் நிலையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உதவி இயக்குநர் வேலையை நான் மட்டம்தட்டவில்லை, செட்டை நடத்தக் கற்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் சுயாதீனப் படங்கள் பெரும்பாலும் பாதியில் நிற்பது, கைக்காசு ஷூட்டிங்கிலேயே தீர்ந்துபோவதால்தான்.

அதனால் பட்ஜெட்டைப் பின்னாலிருந்து போடுங்கள். எடிட்டிங், டிஐ (படத்தின் நிறம் சரிசெய்வது), மிக்ஸிங் (ஒலிகளைக் கலந்து சமன்செய்வது), சப்டைட்டில், டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி), திரைப்பட விழாக் கட்டணம் எல்லாவற்றுக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சம் எத்தனை நாள் ஷூட்டிங்குக்குத் தாங்கும் என்று பாருங்கள். கேமரா வாடகையில் சிக்கனம் பிடிக்கலாம், லைவ் சவுண்ட் ஆளிடம், அதாவது ஸ்பாட்டிலேயே ஒலிப்பதிவு செய்பவரிடம், பிடிக்காதீர்கள். ஸ்பாட்டில் ஒலி கெட்டால் எல்லாரையும் டப்பிங்குக்கு அழைக்க வேண்டும். புதுமுகங்களுக்கு அந்த நடிப்பு மைக் முன்னால் திரும்ப வராது. ஒவ்வொரு லொக்கேஷனிலும் ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் இருக்கும் ஒலி, எடுங்கள். ஃபுட்டேஜ் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ இருக்கட்டும். பிரதிகளைத் திறந்து பார்க்காமல் கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். நொடிக்கு 24 ஃபிரேமிலேயே எடுங்கள். 25 என்றால் டிசிபி போடும்போது தலைவலி. டீக்கடை ரேடியோவில் சினிமாப் பாட்டு கேட்டால் பாடலுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியே உரிமை வாங்க வேண்டியிருக்கும், ஷாட்டுக்கு முன்பே அணைத்துவிடுங்கள்.

ரஃப் கட் (முதல் கட்ட எடிட்டிங்) ஆனதும், நவம்பரில் கோவாவில் நடக்கும் படச் சந்தையான ஃபிலிம் பஜாருக்கு அனுப்பலாம். அவசரப்பட்டு யூடியூபில் ஏற்றாதீர்கள். பெரிய விழாக்கள் முதல் திரையிடல் தங்களிடமே நடக்க வேண்டும் என்று கேட்கும். 2021-இல் 'கூழாங்கல்' நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மை விருதான டைகர் விருதை வென்றது. அதன் இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி' சிவகார்த்திகேயனின் தயாரிப்பில், சூரி நடிப்பில் வந்து 2024-இல் பெர்லின் விழாவுக்குப் போனது. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை, பாதை இருக்கிறது என்கிறேன்.

மாதாமாதம் இணையத்திலேயே 'சர்வதேச விழா' நடத்தி, கட்டணம் கட்டிய அத்தனை பேருக்கும் விருது கொடுப்பவர்கள் மீது எனக்குக் கடும் கோபம். போஸ்டரில் விழா விருதுகளைக் காட்டும் இலை வளைய முத்திரை இருபது ஒட்டினாலும் படம் வாங்குபவர் அதைப் பார்க்க மாட்டார். அவர் கேட்பது ஒப்பந்தங்களை. எழுத்தாளர், இசையமைப்பாளர், நடிகர் எல்லாரிடமும் ஷூட்டிங்குக்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள், நண்பர்களாக இருந்தாலும்.